வீட்டிலேயே ஜூஸ் கிளீன்ஸ்: எத்தனை நாள், என்ன அளவு, யார் தொடக்கூடாது?

கடலோரவீதி
எல்லாருக்கும் வணக்கம். வாற போயா விடுமுறையோட சேர்த்து மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடிச்சுப் பார்க்கலாம் எண்டு யோசிக்கிறன். வயது 34, நிறை 61 கிலோ, வருத்தம் ஒண்டும் இல்லை, குளிசையும் எடுக்கிறதில்லை. வீட்டில சாதாரண பிளெண்டர்தான் இருக்கு, ஜூசர் இல்லை. ஒரு நாளைக்கு என்னென்ன, எவ்வளவு வாங்க வேணும்? முதல் நாளே அடிச்சு பிரிட்ஜில வைக்கலாமா? தெரிஞ்ச ஆக்கள் அளவோட சொல்லுங்கோ.

கெக்கரிப்பிஞ்சு
தங்கச்சி, மூன்று நாளை விடுங்கோ. முதல் தரம் ஒரு நாள் போதும். உடம்பு ஏற்றுக்கொண்டால் இன்னொரு மாதம் இரண்டு நாள் பார்க்கலாம். மூன்றுக்கு மேல ஒருத்தரும் வீட்டில தனியச் செய்யக்கூடாது.

ஒரு நாளைக்கு ஒருத்தருக்குத் தேவையான சாமான்: கரட் அரைக் கிலோ, கெக்கரிக்காய் இரண்டு (400 கிராம் மட்டில்), தக்காளி 300 கிராம், பீற்றூட் ஒண்டு (150 கிராம்), அன்னாசி காற்பங்கு, வல்லாரை ஒரு கட்டு, தேசிக்காய் மூன்று, இஞ்சி இரண்டு அங்குலத் துண்டு, செவ்விளநீர் ஒண்டு. வெள்ளவத்தைச் சந்தையிலயே எல்லாம் எடுக்கலாம். கரட் முறிச்சால் 'டக்' எண்டு முறிய வேணும். வளைஞ்சால் தண்ணி வத்தின கரட். அதில சாறு பாதிதான் வரும்.

மரக்கறி முக்கால், பழம் கால். இந்தக் கணக்கை மாத்த வேண்டாம். பழச்சாறு மட்டும் குடிச்சால் சீனி விறுவிறெண்டு ஏறி இரண்டு மணித்தியாலத்தில இறங்கும். மத்தியானம் கை நடுங்கிறது, கோபம் வாறது, பசி தாங்க ஏலாமல் போறது எல்லாம் அதாலதான்.

நேரம் இப்பிடி வையுங்கோ. ஏழு மணிக்கு கரட் 250 கிராம், கெக்கரி ஒண்டு, இஞ்சி, அரைத் தேசிக்காய். பத்து மணிக்கு செவ்விளநீர். ஒரு மணிக்கு தக்காளிச்சாறு. மிளகு, சீரகம், கால் தேக்கரண்டி உப்புப் போட்டு இளஞ்சூடாகக் குடியுங்கோ, ரசம் மாதிரி இருக்கும். பச்சையாகக் குடிக்கிறதை விட வயித்துக்கு இதமானது. நாலு மணிக்கு அன்னாசியும் ஒரு பிடி வல்லாரையும் மிச்சக் கெக்கரியும். ஏழு மணிக்கு மிச்சக் கரட்டோட பீற்றூட். இரவு எட்டுக்குப் பிறகு தண்ணி மட்டும்.

பிளெண்டரில செய்யிற விதம்: கரட்டை அரைச் சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டுங்கோ. 250 கிராமுக்கு 150 மில்லி கொதிச்சாறின தண்ணி. முப்பது செக்கன் அடிச்சு, கொஞ்சம் நிப்பாட்டி, திரும்ப அடிச்சு, மூன்று தரத்தில முடியும். பெரிய துண்டாகப் போட்டு தண்ணியைக் குறைச்சால் பிளேட்டைச் சுத்திக் காற்றுக்குழி விழும். பிளேட் வெறுமனே சுத்தும், மோட்டர் சூடாகி நெடிக்கும். அப்ப நிப்பாட்டி 50 மில்லி தண்ணி விட்டுக் கரண்டியால கிளறி விடுங்கோ. பீற்றூட்டைத் துருவிப் போடுறது நல்லது.

பிழியிறதுக்கு மெல்லிய பருத்தித் துணி. புதுத் துணி எண்டால் கஞ்சிப் பசை போக ஒருக்கா கொதிக்க வைச்சு அலசுங்கோ. துணியில பாதிக்கு மேல நிரப்பாமல், மேலயிருந்து முறுக்கிக் கொண்டு வர வேணும். அவசரப்பட்டால் தையல் பிரிஞ்சு சக்கை எல்லாம் சாறுக்குள்ள விழும். 250 கிராம் கரட்டில விட்ட தண்ணியோட சேர்த்து 300 மில்லி அளவில எடுக்கலாம்.

மருந்தகமேசை
அளவுக்குப் போக முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஆரோக்கியமானவர். ஆனால் இந்த இழையைப் பிறகு தேடி வாசிப்பவர் எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் குளிசை எடுப்பவர்களும் இதைச் செய்யக்கூடாது. சாப்பாடு குறைந்த நாளிலும் அந்த மருந்து தன் வேலையைச் செய்யும். இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே போய்விடலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் (இவையும் நீரிழிவுக் குளிசைகள்) எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மாச்சத்து குறையும்போது இரத்தத்தில் கீற்றோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) கூடும், அமிலத்தன்மை ஏறும். அந்த நேரம் குத்திப் பார்த்தால் சீனி அளவு பெரிதாகக் கூடியிருக்காது என்பதால் ஆபத்து தெரியாமலே போகும். சத்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

லோசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் (பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் குளிசைகள்) எடுப்பவர்களும் சிறுநீரக நோயாளர்களும் செவ்விளநீர், தக்காளி, கரட் சாறுகளை நாள் முழுக்கக் குடிக்கக்கூடாது. எல்லாம் பொட்டாசியம். செவ்விளநீரில் 100 மில்லிக்கே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத்துடிப்பு குழம்பும். வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர் திடீரெனக் கீரைச்சாறு கூட்டினால் வைற்றமின் கே கூடி மருந்தின் வேலை குறையும். தண்ணீர்க் குளிசை (ஃபுருசமைட் போன்றவை) எடுப்பவருக்கு எழும்பும்போது தலை சுற்றி விழும் அபாயம் உண்டு.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், ஏற்கனவே நிறை குறைந்தவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் உள்ளவர்கள் ஒரு நாள்கூட வேண்டாம். கிளீன்ஸ் செய்வதற்காக யாரும் மருந்தைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை13
எங்கட பக்கம் பிளிங்காயும் காமரங்காயும் (ஸ்டார் ஃப்ரூட்) மரத்தில சும்மா கிடந்து விழுது. பழம் சீனி எண்டு பயப்பிடுற ஆக்களுக்கு அந்தப் புளிச்சாறு நல்லம்தானே, கொழுப்புக் கரையும் எண்டு சொல்லுறாங்கள். முதல் நாள் இரவு பேதிக்கு எடுத்து வயித்தைக் கழுவிப்போட்டுத் தொடங்கினால் இன்னும் நல்லம்.

மருந்தகமேசை
அண்ணா, தயவுசெய்து இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். இரண்டும் ஆபத்து, சேர்ந்தால் பெரிய ஆபத்து.

பிளிங்காயிலும் காமரங்காயிலும் ஒட்சலேற்று (கல்சியத்தோடு சேர்ந்து பளிங்காகும் பொருள்) மிக அதிகம். கறிக்கு இரண்டு மூன்று போடுவது வேறு, பத்து இருபதைப் பிழிந்து வெறுவயிற்றில் குடிப்பது வேறு. ஒட்சலேற்று சிறுநீரகக் குழாய்களில் பளிங்காகப் படிந்து அடைக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கே இப்படித் திடீரெனச் செயலிழந்து டயலிசிஸ் வரை போன சம்பவங்கள் இலங்கையிலும் கேரளத்திலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. காமரங்காயில் மூளையைத் தாக்கும் நச்சும் உண்டு. சிறுநீரக நோயாளிக்கு விடாத விக்கல், மயக்கம், வலிப்பு என்று போகும்.

பேதி எடுத்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்த நிலையில் அந்தச் சாறு போனால் ஒட்சலேற்று இன்னும் செறிவாகும். கிளீன்ஸ் நாளிலோ அதற்கு முதல் நாளோ பேதி மருந்து, உப்புத்தண்ணீர் குடித்து வயிறு கழுவுதல், எனிமா எதுவும் கூடாது.

இதே காரணத்தால் பசளி, பீற்றூட் இலை போன்றவற்றையும் பச்சையாகக் கட்டுக் கட்டாக அடித்துக் குடிக்க வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீற்றூட்டையும் விடுங்கள்.

கெக்கரிப்பிஞ்சு
இதோட ஒண்டைச் சேர்க்கிறன். சுரைக்காய்ச் சாறு செய்யிற ஆக்கள் முதல்ல ஒரு சின்னத் துண்டை வெட்டி நுனிநாக்கில வைச்சுப் பாருங்கோ. கசந்தால் துப்பிப்போட்டு முழுக்காயையும் எறியுங்கோ. கசப்பான சுரைக்காய்ச் சாறு குடிச்சு இரத்தம் சத்தியெடுத்து, பிரஷர் விழுந்து, இந்தியாவில இறந்த ஆக்களும் இருக்கினம். தேனோ தேசிக்காயோ விட்டுக் கசப்பை மறைச்சுக் குடிக்கிறது அதைவிட மோசம். கெக்கரிக்கும் இதே சோதனைதான். காம்புப் பக்கம் மட்டும் கசந்தால் இரண்டு அங்குலம் வெட்டி எறிஞ்சுபோட்டு மிச்சத்தையும் ருசி பாருங்கோ.

கடலோரவீதி
ரெண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு இருக்கு எண்டு தெரியாது. ஒரு நாளாக் குறைக்கிறன். இன்னொரு கேள்வி, நச்சு வெளியேறும், ரெண்டு கிலோ குறையும் எண்டு போடுறாங்களே, அது உண்மையா?

உணவுத்தட்டு
நிறை குறைவது உண்மை, ஆனால் குறைவது கொழுப்பு அல்ல. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து 400, 500 கிராம் அளவில் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் இந்தச் சேமிப்பு கரைந்து, அந்தத் தண்ணீர் சிறுநீராகப் போகிறது. குடலிலும் உணவு குறைவு. தராசில் ஒன்றிரண்டு கிலோ இறங்குவது இதனால்தான். சோறு சாப்பிடத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் அதே நிறை திரும்பும்.

நச்சு விடயத்தில் தெளிவாக இருங்கள். கழிவு அகற்றுவது ஈரலும் சிறுநீரகமும். கரட் சாறு அதை வேகப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இந்த ஒரு நாளில் உண்மையாகக் கிடைக்கும் பயன் வேறு: சீனி போட்ட நாலைந்து தேத்தண்ணி, பின்னேர ரோல்ஸ், இரவு கொத்து எல்லாம் ஒரு நாள் நிற்கிறது, எது பசி, எது பழக்கம் என்று தெரிகிறது. அதற்காகச் செய்வது நியாயமான காரணம்தான்.

மேலே கொடுத்த பட்டியலைக் கூட்டினால் 500 கலோரி அளவில் வரும். அலுவலக வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குத் தேவை 1,800 முதல் 2,000. புரதம் இன்னும் மோசம். 61 கிலோ நிறைக்குக் குறைந்தது 49 கிராம் வேண்டும், சாறுகளில் 10 கிராம்கூட வராது. ஒரு நாள் என்றால் உடம்பு சமாளிக்கும். நாள் கூடக்கூடத் தசையில் கை வைக்கும்.

சாற்றுச் சீனியும் சீனிதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், பழச்சாற்றிலுள்ள சீனியையும் நாம் குறைக்க வேண்டிய சீனிக் கணக்கில்தான் சேர்க்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு மேல் எல்லை 50 கிராம். அரை லீற்றர் அன்னாசிச்சாற்றிலேயே அது முடிந்துவிடும்.

என் யோசனை: பத்து மணிக்கும் நாலு மணிக்கும் ஒவ்வொரு கிளாஸ் மோர் சேருங்கள். 100 கிராம் தயிர், 200 மில்லி தண்ணீர், கறிவேப்பிலை, உப்பு. இரவுச் சாற்றுக்குப் பதிலாக 50 கிராம் பயறு அவித்து மசித்த தண்ணீர்க்கஞ்சி. பயற்றில் மட்டும் 12 கிராம் புரதம் கிடைக்கும்.

கெக்கரிப்பிஞ்சு
மோர் சரி. பயற்றங்கஞ்சி சேர்த்தால் அது கிளீன்ஸ் இல்லையே, சாதாரண இலகு சாப்பாடுதானே?

உணவுத்தட்டு
சாதாரண இலகு சாப்பாடாக இருந்தால் என்ன குறை? கந்தசஷ்டிக்கு இளநீரும் மிளகும் மட்டும் எடுத்து விரதம் இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது பக்தி, அதற்குரிய கட்டுப்பாடு வேறு. உடம்புக்காகச் செய்கிறோம் என்றால் உடம்புக்குத் தேவையானதைக் கொடுத்துவிட்டே செய்யலாம். வேலைக்குப் போகும் நாளில் செய்வோருக்குக் கஞ்சி கட்டாயம் என்பேன். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) பின்னேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தலை சுற்றினால் பிடிக்க ஆள் இருக்காது.

கெக்கரிப்பிஞ்சு
வேலை நாளுக்கு ஒத்துக்கொள்ளுறன். வீட்டில இருந்து செய்யிற ஒரு நாளுக்கு மோரே காணும் எண்டதுதான் இப்பவும் என்ர கருத்து.

மோரில ஒரு கவனம்: அன்னாசி, பப்பாசி ரெண்டையும் தயிரோட சேர்த்து அடிக்க வேண்டாம். அதில இருக்கிற நொதியம் பால் புரதத்தை உடைச்சு, பத்து நிமிசத்தில கசக்கத் தொடங்கும். அன்னாசி குடிச்சு நாக்கு அரிக்கிறதும் அந்த நொதியத்தாலதான், நடுத்தண்டில அது கூட. தண்டை வெட்டிப் போடுங்கோ.

ஹம்டன்ஒழுங்கை
முதல் நாளே அடிச்சு வைக்கலாமா எண்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

வைக்கலாம், 24 மணித்தியாலத்துக்குள்ள முடிக்க வேணும். கண்ணாடிப் போத்தலைக் கொதிதண்ணியில அலசிக் காய வைச்சு, கழுத்துவரை நிரப்பி, ஒரு தேக்கரண்டி தேசிப்புளி விட்டு மூடுங்கோ. மேல காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லம். வல்லாரைச் சாறு மண்ணிறமாகிறது காற்றுப் பட்டுத்தான், அதை மட்டும் குடிக்கப் போற நேரம் அடியுங்கோ. போத்தலை பிரிட்ஜ் கதவில வைக்காமல் உள் தட்டில பின்பக்கம் வையுங்கோ. திறந்து மூடுற ஒவ்வொரு தரமும் கதவுப்பக்கம் சூடாகும்.

அடியில படிஞ்சு ரெண்டு நிறமாகப் பிரியிறது பிழையில்லை, குலுக்கினால் சரி. மூடி திறக்க 'புஸ்' எண்டு காத்து வந்தால், நுரை மேல நிண்டால், புளிச்ச மணம் வந்தால் ஊத்திவிடுங்கோ. கொழும்பு வெக்கையில மேசையில ரெண்டு மணித்தியாலம் கிடந்த சாறும் அப்பிடித்தான். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் வையுங்கோ, நாலு மணித்தியாலம் தாங்கும்.

கழுவுறது: சாறு கொதிக்க வைக்கிற சாமான் இல்லை, அதால கழுவுறதுதான் ஒரே பாதுகாப்பு. உப்புத்தண்ணியில ஊற வைச்சால் பூச்சி கழண்டு வரும், கிருமி சாகாது. வல்லாரை சதுப்பு நிலத்தில நிலத்தோட ஒட்டி வளர்றது. கட்டை அவிழ்த்து, வேரையும் அடித்தண்டையும் வெட்டி, பழுத்த இலையை எறிஞ்சுபோட்டு, ஓடுற தண்ணியில ஒவ்வொரு பிடியாக அலசுங்கோ. சட்டித் தண்ணியில மண் படியாமல் வரும் மட்டும் மாத்த வேணும். பிறகு கொதிதண்ணியில 15 செக்கன் முக்கி எடுத்துக் குளிர்தண்ணியில போடுங்கோ. நிறமும் நிக்கும், பச்சை நாத்தமும் குறையும். கரட், பீற்றூட்டைத் தும்புப் பிரஷால தேய்ச்சுக் கழுவின பிறகுதான் தோல் சீவ வேணும். முதல்ல சீவினால் கத்தியே மண்ணை உள்ளே கொண்டுபோகும்.

கடலோரவீதி
தேத்தண்ணி முற்றாக விடவேணுமா? தலையிடி வரும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்.

உணவுத்தட்டு
அந்தத் தலையிடி பெரும்பாலும் கஃபீன் நிறுத்தியதால் வருவது. கடைசித் தேத்தண்ணிக்குப் பிறகு 12 முதல் 24 மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். நச்சு வெளியேறும் அறிகுறி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மூன்று நாள் முன்பிருந்தே பாதியாகக் குறைத்து வாருங்கள். கிளீன்ஸ் நாளிலும் காலையில் சீனியில்லாத ஒரு பிளேன்டீ குடிப்பதில் ஒரு தீங்கும் இல்லை.

தலையிடிக்கு அடுத்த காரணம் உப்பு. சாறுகளில் சோடியம் மிகக் குறைவு, இங்கேயோ வியர்வையில் அது போய்க்கொண்டே இருக்கிறது. அதன்மேல் நாலு லீற்றர் தண்ணீர் குடித்தால் இரத்தச் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். தக்காளிச்சாற்றில் கால் தேக்கரண்டி, மோரில் கால் தேக்கரண்டி உப்புச் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டாம். பிரஷர் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேளுங்கள். சாற்றுக்கு மேலதிகமாகத் தண்ணீர் ஒன்றரை லீற்றர் போதும்.

வயிறு இரைவதும் வாய்வும் இளகிப் போவதும் பழச்சீனி மொத்தமாகக் குடலுக்குப் போவதால். ஒரே மூச்சில் குடிக்காமல் 15, 20 நிமிடமெடுத்துக் குடித்தால் குறையும். பீற்றூட்டுக்குப் பிறகு சிறுநீரும் மலமும் சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம். தேசிப்புளி கலந்தவற்றை ஸ்ட்ரோவால் குடித்து, வாய் கொப்பளித்து, அரை மணித்தியாலத்துக்குப் பிறகே பல் துலக்குங்கள். இல்லாவிட்டால் எனாமல் தேயும்.

மருந்தகமேசை
நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: எழும்பும்போது கண் இருட்டுவது, படபடப்பு, குழப்பம், நிற்காத சத்தி, எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது அல்லது கடும் மஞ்சளாகப் போவது. நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்துக் குடித்து 15 நிமிடம் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு முக்கியமாக: கிளீன்ஸ் நாளில் காய்ச்சல் வந்தால் 'உடம்பு சுத்தமாகுது' என்று படுத்திருக்க வேண்டாம். டெங்கு என்றே முதலில் நினையுங்கள். கிளீன்ஸை அப்போதே நிறுத்துங்கள். பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரினோ இபுபுரோஃபனோ கூடாது. காய்ச்சல் நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை எடுங்கள். பீற்றூட் போன்ற சிவப்பு, மண்ணிறப் பானங்களையும் உடனே விடவேண்டும். சத்தி வந்தால் அதில் இருப்பது இரத்தமா சாறா என்று வைத்தியருக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனை13
பிளிங்காய் விசயம் விளங்கிச்சு, வீட்டிலயும் சொல்லிப்போட்டன். அடுத்த நாள் என்ன சாப்பிட்டு முடிக்கிறது?

கெக்கரிப்பிஞ்சு
நல்ல கேள்வி. கனபேர் கெடுக்கிறது அந்த இடத்திலதான். விரதத்துக்குப் பாறணை எப்பிடியோ அப்பிடித்தான் இதுக்கும், மெல்ல முடிக்க வேணும். காலமை இடியப்பம் ரெண்டு மூன்று, இரண்டாம் பாலில வைச்ச சொதி, உறைப்புக் குறைவாக. முதற்பால் விட வேண்டாம். அல்லது சிவப்பரிசிக் கஞ்சி. மத்தியானம் ஒரு கப் சோறு, பருப்பு, அவிச்ச பூசணி அல்லது பயித்தங்காய். இரவு வழமையில பாதி. முட்டை, மீன் எல்லாம் அதுக்கு அடுத்த நாளிலயிருந்து. கொத்துரொட்டி, புரியாணி, பொரியல் வகை ரெண்டு நாளைக்குத் தொடாதேங்கோ. வெறுவயித்தில இருந்துபோட்டு எண்ணெய் ஏத்தினால் பித்தப்பை இறுக்கிப் பிடிக்கும், கல்லு இருக்கிற ஆக்களுக்கு அந்த வலி தாங்க ஏலாது.

கடலோரவீதி
கடைசியா ஒண்டு. பிழிஞ்ச சக்கை இவ்வளவு வருமே, எறியிறதா?

ஹம்டன்ஒழுங்கை
எறியாதேங்கோ, நார்ச்சத்து முழுக்க அதிலதான். கரட் சக்கை ஒரு கப், கோதுமை மா ரெண்டு கப், தேங்காய்ப்பூ அரைக் கப், வெங்காயம், பச்சைமிளகாய், உப்புப் போட்டுப் பிசைஞ்சால் அடுத்த நாள் பின்னேரத்துக்கு ரொட்டி. சக்கையில ஈரம் இருக்கும், தண்ணியைக் கடைசியில பார்த்துத் தெளியுங்கோ. பீற்றூட் சக்கை எண்டால் கடுகு தாளிச்சு அஞ்சு நிமிசம் வதக்கினால் சம்பல் மாதிரி வரும். மூடின டப்பாவில பிரிட்ஜில ஒரு நாள்தான் தாங்கும். அன்னாசிச் சக்கையும் இஞ்சிச் சக்கையும் வெறும் தும்பு, அது பூச்சாடிக்குத்தான்.